ஓர் அரசு கேட்டு வாங்கும் எங்கள் பாண்டீஸ்வரி

தலைமை நாற்காலிக்குப் பெருமை சேர்த்து அமர்ந்திருக்கும் சிறு ஏலக்காய் விவசாயிகள் சங்கத் தலைவர் மொக்கச்சாமி அண்ணன் அவர்களே, முறுக்கிய மீசையும் மலர்ந்த முகமுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, போடிமெட்டுப் பனியில் காய் பறித்த களைப்பு ஆறுமுன்னே கூட்டத்துக்கு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, ராசிங்காபுரத்திலிருந்து பஸ்சு பிடித்து வந்த பாசத்துக்குரியவர்களே, பட்டறைத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வெல்டிங் பட்டறை உக்கிரபாண்டியின் பணிவான வணக்கம்.

ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னார் தலைவர். அண்ணே, வெல்டிங் வைக்கிறவனிடம் வெரசா முடி என்று சொல்லலாமா? அவசரமாகப் பற்றவைத்தது அடுத்த மாதமே விட்டுப்போகுமே.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? தேர்தலுக்கா? திருவிழாவுக்கா? இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு மாநில அரசு நம் பாண்டீஸ்வரியை முன்மொழிந்து கடிதம் அனுப்பியிருக்கிறது. புதியன படைக்கும் திறமைசாலிகளுக்கென்று அந்த நாடு ஒரு விசா வைத்திருக்கிறது. 'இவர் எங்களுக்கு வேண்டும்' என்று ஒரு மாநில அரசு கைகாட்டினால் அதற்கு வழி பிறக்கும். அந்தக் கை யாரைக் காட்டியது? மாளிகையில் பிறந்தவரையா? மாநகரில் வளர்ந்தவரையா? ஜீப்பில் நெருக்கியடித்து எஸ்டேட்டுக்குப் போய்வரும் செல்லத்தாய் அக்காவின் மகளைக் காட்டியது.

அந்தப் பிள்ளை என்ன செய்தது? இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் தன் ஏலக்காயைத் தானே உலர்த்திக்கொள்ள ஒரு சிறிய சூட்டுப்பெட்டி செய்தது. விறகு பாதி போதும். காயின் பச்சை நிறமோ கொஞ்சமும் குறையாது. முதல் பெட்டியை என் பட்டறையில்தான் செய்தோம். மற்றவர்கள் வந்து கேட்டபோது, "வரைபடத்தக் கொண்டுபோங்கண்ணே, நல்லாச் செஞ்சாப் போதும்" என்று வாரிக் கொடுத்தது. பத்துப் பட்டறையில் நாற்பத்தொரு பெட்டிகள் பிறந்தன.

இங்கேதான் நாம் ஒரு காரியம் செய்தோம். பெயிண்ட் காய்ந்ததும் பெட்டியின் நெற்றியில் என்ன எழுதுவோம்? வாங்குபவரின் குலசாமி பெயரை எழுதுவோம். கருப்பசாமி துணை, பேச்சியம்மன் துணை, ஒச்சாண்டம்மன் துணை. அந்த இடத்தில் செய்தவர் பெயரை எழுத நமக்குத் துணிச்சல் உண்டா?

விசா விண்ணப்பத்தோடு பெட்டிகளைப் பிடித்த போட்டோப் படங்கள் எல்லாம் கடல் கடந்து போயின. அங்கே தமிழ் தெரிந்த ஆள் வைத்து வாசித்திருக்கிறார்கள். கேள்வி வந்தது: "கருப்பசாமி ஒரு நிறுவனம், பேச்சியம்மன் ஒரு நிறுவனம், ஒச்சாண்டம்மன் ஒரு நிறுவனம். இவற்றில் உங்களுடையது எது? பத்து நாளில் ஆதாரம் தருக."

சிரிக்காதே காசிமாயா, உன் பெட்டியில் எழுதினவனும் நான்தான்.

அந்தக் கடிதத்தோடு பாண்டீஸ்வரி என் பட்டறைக்கு வந்தது. "எம்பேரு எதுலயுமே இல்லையேண்ணே" என்றது. ஆதாரம் இல்லையென்றால் முன்மொழிவு இல்லை. மூன்று வருட உழைப்பும் பத்து நாளில் முடிந்துபோகும். எனக்கு வெட்கமாக இருந்தது. "தப்பு எம்மேலதான் ஆத்தா" என்றேன். படங்களைத் தரையில் பரப்பி வைத்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். ஒன்றும் தோன்றவில்லை.

மகளைத் தேடி வந்த செல்லத்தாய் அக்கா குனிந்து பார்த்தார்கள். "எல்லாத்துலயும் கதவுக் கொண்டி இடக்கைப் பக்கமால்ல இருக்கு. எனக்காக வச்சதுதானத்தா அது?" என்றார்கள்.

எஸ்டேட்டில் காய் உலர்த்தும் சூட்டறையின் இரும்புக் கதவில் அந்த அம்மாவின் வலக்கை வெந்துபோனது நம் ஊருக்கே தெரியும். மூன்று விரல்கள் இன்றும் மடங்காது. ஏன் எதற்கு என்று கேட்காமலே பத்துப் பட்டறைக்காரர்களும் அந்தக் கொண்டியை இடப்பக்கமே வைத்திருக்கிறோம். பாண்டீஸ்வரி ஓடிப்போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்தது. முதல் வரைபடம், தேதியோடு. கொண்டிக்குக் கீழே அந்தப் பிள்ளையின் கையெழுத்து: 'அம்மாவுக்கு வலது கை மடங்காது. இடப்பக்கம் வைக்கணும்.'

அந்தப் பக்கத்தையும், நாற்பத்தொரு கொண்டிகளின் படங்களையும், பத்துப் பட்டறைக்காரர்களின் கையெழுத்தையும் அனுப்பினோம். மூன்றாவது வாரம் முன்மொழிவுக் கடிதம் வந்தது.

தோழர்களே, விடியற்காலையில் ஜீப்பு கிளம்பும்போது நம்மை எப்படி எண்ணுகிறார்கள்? 'பதினாலு ஆள் ஏறியாச்சு.' அந்தப் பதினான்கு பேரின் பெயரைக் கேட்டவர் உண்டா? அவர்களின் யோசனையைக் கேட்டவர் உண்டா? கூலிக்கு ஆள் கேட்டவர்கள் ஆயிரம் பேர். அறிவைக் கேட்டு, பெயரைச் சொல்லிக் கேட்டு, மரியாதையோடு கேட்டு வந்தது இந்த ஒரு கடிதம். இது ஒருவருக்கு வந்த கடிதமா? இந்த மலைச்சரிவு முழுவதற்கும் வந்த கடிதம். என் நெஞ்சு பெருமையில் விம்முகிறது, மறைக்க மாட்டேன்.

படித்த பிள்ளையை அனுப்பிவிட்டு நாம் என்ன செய்வது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. நேற்று செல்லத்தாய் அக்காவிடமே கேட்டேன். "மகளப் பிரிஞ்சு இருந்துக்கிருவீங்களா அக்கா?" என்றேன்.

அவர்கள் சொன்னார்கள்: "எங்காத்தா என்னைய ஜீப்புல ஏத்திவிட்டா. எம்மகள நான் பிளேனுல ஏத்திவிடுறேன். எனக்கு இது போதும்ப்பா."

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? இந்தக் கடிதத்தை மகள் கையில் கொடுக்க அமைச்சர் வேண்டாம், அதிகாரி வேண்டாம். அக்கா, மேடைக்கு வாங்க. தாய்மார்களே, கொஞ்சம் வழி விடுங்கள். வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. அந்தத் தாய்க்கு என் வணக்கம்.