வாசல் அத்தைக்கு வாய்ப்பூட்டு

...சொந்த வீட்டை விட்டே துரத்திட்டாங்கம்மா என்னை! ஆமாங்கறேன். சாயங்காலம் நாலு மணியாச்சுன்னா போதும், "அத்தை, கிளம்புங்க"ன்னு செருப்பை எடுத்து வாசல்ல வெக்கறா. யாரா? என் மருமகதான், வேற யாரு! நேத்து வரைக்கும் மொட்டை மாடியில போய் உட்கார்ந்திருந்தேன். இன்னிக்குப் பார்த்து அங்க தண்ணித் தொட்டி கழுவறாங்க. சரி, நம்ம வீட்டுக்கு நேர் மேல புதுசா குடி வந்திருக்காங்களே, ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு வந்தேன். நீங்க பாட்டுக்குப் பெட்டியைப் பிரிங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம். டீயா? வேண்டாம்மா... சரி, போடறதுதான் போடறீங்க, சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க.

அடடே, உங்க ஜன்னல்ல இருந்து எங்க வாசல் அப்படியே தெரியுதே! ஐயோ, இது எனக்கு ஆகாதும்மா. இருங்க, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கறேன். முதுகு அந்தப் பக்கம் இருக்கட்டும். ஏன்னு கேக்காதீங்க. சொல்றேன்.

இந்தக் கண்ணாடி டம்ளரையெல்லாம் குடுங்க, காகிதத்தைப் பிரிச்சு அடுக்கறேன். சும்மா உட்கார்ந்தா எனக்குக் கை அரிக்கும்.

"ஐயோ பாவம்"னு பார்க்காதீங்கம்மா. அவ கெட்டவ இல்லை. தங்கம்! நான் திட்டலாம், நீங்க திட்டக் கூடாது, ஆமா. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவதான். நல்ல வேலை, நல்ல பேரு. திடீர்னு ஒருநாள் வந்து, "மேல படிக்கப் போறேன் அத்தை, கல்வி உளவியல்"ங்கறா. எதுக்குடின்னேன். "இவ்வளவு நாளா பாடம் சொல்லிக் குடுத்தேன், ஆனா பசங்க எப்படிக் கத்துக்கறாங்கன்னு எனக்கே தெரியலை"ன்னா. இதுக்கு எதுக்கு காலேஜு, நானே சொல்றேன், ரெண்டு போடு போட்டா தானா கத்துக்கும்னு சொன்னேன். அன்னிக்கு ஒரு பார்வை பார்த்தா பாருங்க... சுவர்ல இருந்த பல்லி ஓடிப் போச்சு!

படிக்கட்டும்னுதான் விட்டேன். ஆனா படிப்பு காலேஜோட நிக்குதா? வீட்டுக்குள்ள வருதே! சாப்பிட உட்கார்ந்தா, "இந்தக் கேரட்டை எவ்வளவு பொறுமையா ஒரே அளவா நறுக்கியிருக்கீங்க அத்தை"ங்கறா. நறுக்கினது இருக்கட்டும்டி, சாப்பாடு எப்படி இருக்கு? அதைச் சொல்ல மாட்டா! ஆளைப் பாராட்டக் கூடாதாம். "நீ கெட்டிக்காரி"ன்னு சொல்லவே கூடாதாம். எடுத்துக்கிட்ட முயற்சியைப் பாராட்டணுமாம். அப்பதான் அடுத்த தடவையும் விடாம முயற்சி பண்ணுவாங்களாம்.

எனக்குக் கோபம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். என்ன, என்னையே வெச்சுப் பரீட்சை பண்றாளான்னு. ஆனா ராத்திரி படுத்து யோசிச்சா... எங்க வீட்டுக்காரருக்கு நான் சமைக்காத நாள் உண்டா? அவரு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், "உப்பு கம்மி." உப்பு சரியா இருந்தா வாயே திறக்க மாட்டார். அதையே பாராட்டுன்னு எடுத்துக்க வேண்டியதுதான். அந்த வீட்டுல முதல் முதல்ல என் கத்தி வேலையைக் கவனிச்சது இவதான். மறுநாள் கேரட்டை நூல் மாதிரி நறுக்கினேன்மா! சிரிக்கிறீங்க... சிரிங்க சிரிங்க.

ஆங், எங்க விட்டேன்? துரத்தினது. அதைச் சொல்லிடறேன்.

படிப்பு முடிக்கணும்னா ஒரு ஆராய்ச்சி பண்ணிக் குடுக்கணுமாம். இவ என்ன பண்ணா, இந்தக் கட்டடத்துக் குழந்தைங்களை எல்லாம் நம்ம வீட்டுக்கே வரவழைச்சா. பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கிக்கிட்டுதான், அதெல்லாம் முறையாப் பண்ணுவா. பாதிக் குழந்தைங்களுக்குச் சட்டையில நீல அட்டை குத்தினா. மீதிப் பேருக்கு மஞ்சள் அட்டை. ஒவ்வொருத்தரா உள்ள வரணும். மேஜை மேல மரத் துண்டுங்க இருக்கும், அதைச் சேர்த்து ஒரு வீடோ படகோ வரவைக்கணும். சுலபமில்லை, நானே ஒருநாள் முயற்சி பண்ணி, படகு கவுந்து போச்சு.

நீல அட்டைக் குழந்தை செஞ்சு முடிச்சா, "விடாம யோசிச்சுப் பண்ணினே, நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லுவா. மஞ்சள் அட்டைக்கு? "சரி, அடுத்தது." அவ்வளவுதான்! திட்ட மாட்டா, முறைக்க மாட்டா. ஆனா ஒரு நல்ல வார்த்தை கிடையாது. நாளாக நாளாக யாரு கஷ்டமான மரத் துண்டுங்களோட ரொம்ப நேரம் மல்லுக்கட்டறாங்கன்னு பார்க்கணும். பாராட்டு வாங்கின நீலம்தான் விடாம நிக்கும், அதை நிரூபிச்சா டிகிரி. இதுதான் கதை.

நான் என்ன பண்ணேன்? ஒண்ணுமே பண்ணலைம்மா! வாசல்ல உட்கார்ந்து பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்தேன். உரிக்கறது தப்பா?

மஞ்சள் அட்டைக் குழந்தை ஒண்ணு வெளிய வந்துச்சு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பொண்ணு. அழலை. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்லை. "நான் செஞ்சது சரியா தப்பா"ன்னு யாரையாவது கேக்கணும், ஆனா யாரைக் கேக்கறதுன்னு தெரியலைங்கற மாதிரி ஒரு முகம் இருக்கு பாருங்க... அந்த முகம். அதைப் பார்த்துட்டு பட்டாணி உரிக்க முடியுமா? கன்னத்தைத் தட்டி, "எவ்வளவு நேரம் உட்கார்ந்து செஞ்சே! நாளைக்கும் இப்படியே விடாம செய்யணும்"னேன். ஒரு பிஸ்கட் குடுத்தேன். அவ்வளவுதான்! அடுத்த மஞ்சளுக்கும் அதேதான். ஒரு குழந்தைக்குக் குடுத்துட்டு இன்னொண்ணுக்கு இல்லைன்னா ஓரவஞ்சனை ஆயிடாதா?

நீலமா? நீலத்துக்கு எதுக்கு? அதுங்கதான் உள்ளயே வாங்கிக்கிட்டு வருதே! "போ போ, வழியை விடு, பட்டாணி கொட்டிடும்"னு விரட்டிவிட்டேன்.

மாசக் கடைசியில இவ கணக்குப் போட்டுப் பார்க்கறா. மஞ்சள் குழந்தைங்க மரத்துண்டை விடவே இல்லை, அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நீலம் எல்லாம் கொஞ்ச நேரத்துலயே, "டீச்சர், நான் வீட்டுக்குப் போலாமா?" அப்படியே தலைகீழ்! காலேஜுல இவளுக்கு வழிகாட்டற மேடம் அதைப் பார்த்துட்டு, "என்னம்மா, பாராட்டினா பிள்ளைங்க கெட்டுப் போயிடும்னு வருதே உன் ஆராய்ச்சி"ன்னு கேட்டிருக்காங்க.

பாவம், சமையல்கட்டுல குழாயைத் திறந்து விட்டுட்டு அழறா. சத்தம் கேக்கக் கூடாதுன்னு. என் பையன் காதுல அந்த ஒயரை மாட்டிக்கிட்டு இருப்பான், அவனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. நான்தான் போய் முதுகைத் தடவிக் குடுத்தேன். அந்த மேடத்தை நல்லா நாலு வார்த்தை திட்டினேன் வேற. "உன் கணக்கு சரிதான், அவங்களுக்குத்தான் புத்தி சரியில்லை"ன்னு!

நிஜமாவே அப்ப எனக்கு உறைக்கலைம்மா. சத்தியமா.

அப்புறம் இவ போய் அந்தச் சோடாபுட்டியையே கேட்டிருக்கா, "ஏம்மா, கஷ்டமா இருந்தும் ஏன் விடாம செஞ்சே?"ன்னு. அது வாய் நிறைய சொல்லியிருக்கு, "வாசல் அத்தை நாளைக்கும் விடாம செய்யச் சொன்னாங்க, செஞ்சா பிஸ்கட்." வாசல் அத்தையாம்! எனக்குப் பேரே வெச்சிருக்குதுங்க. இவ திரும்பி வந்து என் எதிர்ல நின்னா. பட்டாணித் தட்டைப் பார்த்தா, பிஸ்கட் டப்பாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க... சிரிச்சுக்கிட்டே மறுபடியும் அழுதா. எனக்கு அந்தச் சிரிப்புதான் பயமா இருந்துச்சு.

"உங்க பாராட்டு வேலை செஞ்சிருக்கு அத்தை. என் கணக்குலதான் உங்களைச் சேர்க்கலை"ன்னா.

இப்ப எல்லாம் முதல்ல இருந்து. அந்த மேடம் ஒரே ஒரு வாய்ப்பு குடுத்திருக்காங்க. பின் தெருவுல இருந்து புதுக் குழந்தைங்க. இந்தத் தடவையும் சொதப்பினா படிப்பை மூட்டை கட்டிட்டு, போட்ட லீவை முடிச்சுக்கிட்டு பழையபடி பள்ளிக்கூடத்துக்கே போக வேண்டியதுதான். அதனாலதான் எனக்கு இந்த நாடு கடத்தல். "நான் வாயே திறக்க மாட்டேன்டி"ன்னு சொன்னேன். நம்பலை. "நீங்க திறக்க மாட்டீங்க அத்தை, அது தானா திறந்துக்கும்"ங்கறா. சரிதான். எதுவுமே என்கிட்ட சொல்றதும் இல்லை இப்பல்லாம். எப்ப முடியும்னு கேட்டா, "முடியும்போது முடியும்."

மொட்டை மாடியில நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கீழ பார்த்தா, நீலம் ரெண்டு ரெண்டு படியா குதிச்சு வருது. மஞ்சள் சுவரைத் தடவிக்கிட்டே மெதுவா வருது. எனக்கு எந்தக் கணக்கும் வேண்டாம்மா, நான் கண்ணால பார்த்துட்டேன். அதுல ஓட்டைப்பல்லு ஒண்ணு, முன்னாடி ரெண்டு பல்லும் விழுந்திருக்கு. தினம் வாசல்ல வந்து ஒரு நிமிஷம் நிக்கும். எதுக்கு நிக்குதுன்னு அதுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்! அப்பல்லாம் புடவைத் தலைப்பைக் கடிச்சுக்குவேன். இதோ பாருங்க, ஓரமெல்லாம் பிஞ்சு போச்சு.

கதவுச் சத்தம் கேக்குதே? கடைசிக் குழந்தையா இருக்கும். நான் திரும்ப மாட்டேன். நீங்களே கொஞ்சம் ஜன்னல்ல எட்டிப் பாருங்க. யாரு? நீலமா, மஞ்சளா? மஞ்சளா... பல்லு? பல்லு இருக்கா? இல்லையா! ஐயோ, அதுதான். நிக்குதா? முகம் எப்படி இருக்கு? ஏம்மா பேசாம நிக்கிறீங்க, முகம் எப்படி இருக்குன்னு கேட்டேன்... இருங்க, நான் தலைப்பைக் கடிச்சுக்கறேன். ம்ம்... ம்ம்ம்...

ஐயையோ! என்னம்மா பண்றீங்க! "சபாஷ்டா கண்ணு, எவ்வளவு நேரம் செஞ்சே"ன்னு கத்தறீங்களே! வந்ததுல இருந்து ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தைக்கு மேல பேசலை, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன், இப்பவா திறக்கணும்! நான் ஒரு மாசம் கட்டிக் காத்ததை... கீழ ஜன்னல் திறக்குது. போச்சு!

இல்லைடி! நான் இல்லை! சத்தியமா நான் வாயே திறக்கலை, இவங்கதான்... சொல்லுங்களேன்மா, நீங்கதான்னு சொல்லுங்களேன்! பாரு, மறுபடியும் ஊமையாயிட்டாங்க! அடியே, நம்புடி, என் வாயில தலைப்பு இருக்கு, வேணும்னா வந்து பாரு!

என்ன? என்னடி சொல்றே? முடிஞ்சுதா? இன்னிக்குத்தான் கடைசியா? அந்தக் குழந்தைதான் கடைசிக் குழந்தையா? இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? ஓ... சொல்லியிருந்தா நேத்தே ஆரம்பிச்சிருப்பேனா. அதுவும் சரிதான்.

என்ன? சத்தமா சொல்லு, கேக்கலை!

...கேட்டீங்களாம்மா? "ஒரு மாசமா எவ்வளவு கஷ்டப்பட்டு வாயைக் கட்டியிருக்கீங்க அத்தை"ங்கறா. பாருங்க, இப்பவும் முயற்சியைத்தான் பாராட்டறா! "நீங்க நல்லவங்க"ன்னு ஒரு வார்த்தை வருதா பாருங்க... இல்லைம்மா, அழலை. டீ சூடு, அதான்.

அந்த ஓட்டைப்பல்லைப் போக விடாதடி, பிடிச்சு வை, இதோ வரேன்! பிஸ்கட் டப்பாவை எங்க ஒளிச்சு வெச்சே? பின் தெருவுல இருக்கற மஞ்சள் குழந்தைங்க வீட்டுக்கெல்லாம் ஒண்ணு விடாம போகணும், ஒரு மாசத்துப் பாராட்டு தொண்டையில நிக்குது எனக்கு. செருப்பு எங்க விட்டேன்... ஆங். வரேன்மா. டீ பிரமாதம். இல்லை இல்லை, தப்பு... நல்லா பொறுமையா கொதிக்க வெச்சிருக்கீங்க.

டம்ளரையெல்லாம் தப்பான தட்டுல அடுக்கிட்டேன்னு நினைக்கறேன், நீங்களே மாத்திக்கோங்க. ஆனா ஒண்ணோட ஒண்ணு இடிக்காம எப்படி அடுக்கியிருக்கேன், பார்த்தீங்களா? பார்த்தீங்கதானே? வாயைத் திறந்து சொல்லுங்கம்மா, இப்பதான் எல்லாம் முடிஞ்சு போச்சே!