அழுகண்ணிக்குப் புரட்டாசி

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறியபோது எதிரே இரும்பு ஆலையில் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். பக்கத்தில் அவர் மச்சான். கீழே கூடையோடு பழவேற்காட்டு மீன்காரம்மா. ஜன்னலோரம் நான்.

ஆலைக்காரர் மடியில் பால்பவுடர் டப்பா. அதில் காலணா அகலத்துக்குச் சிவப்பாக ஒரு செடி. இலையெல்லாம் பிசின் துளி.

"இத்த வெளிய போடுன்னு அம்மா சொல்லுது மச்சான். புரட்டாசில ஊட்டுக்குள்ள கவிச்சி கூடாதாம்."

"செடில இன்னா மச்சான் கவிச்சி?" என்றார் மச்சான்.

"அழுகண்ணி. கொசு துன்னும். ரெண்டு நாளா அம்மா இது மேல டம்ளரக் கவுத்து விரதம் இருக்க வச்சிது. வாடிப் போச்சி. மாசம் முடியறவரிக்கும் உன் ஊட்ல வச்சிக்கியேன்."

"உன் தங்கச்சி என்னையும் சேத்து வெளிய தள்ளும்."

மீன்காரம்மா டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"என்கிட்ட குடு நைனா. புரட்டாசின்னு மீன ஒருத்தரும் வாங்கல. ஈதான் மொய்க்குது. எங்க ஊட்ல மாசமெல்லாம் பாக்கறதில்ல. ஐப்பசி பொறந்ததும் இதே வண்டில வந்து வாங்கிக்கோ."

"மழைத்தண்ணிதான் ஊத்தணும்மா. கெணத்துத் தண்ணி ஆவாது."

"எம்புள்ளைங்க கூட இவ்ளோ கேக்காதுங்க. ஊத்தறேன், குடு."

டப்பாவை வாங்கிக் கூடையில் மீனுக்கு நடுவே வைத்தார். பொன்னேரியில் இறங்குமுன் ஆலைக்காரர் குனிந்து, இலையில் ஒட்டியிருந்த பூச்சிகளை எண்ணினார்.

மூன்று.