பொற்கொடியின் தாடை

ஓசூர் பக்கம் எங்கள் ஜூஜுவாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் போகாமல் இருந்தாலே பெரிய விஷயம், சார். போய்விட்டால் என்னால் உட்கார முடியாது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். ஏழு மணிக்கு டிவியில் அந்த நிகழ்ச்சி வரும். வெளிநாட்டு நிகழ்ச்சிதான், தமிழில் குரல் கொடுத்துப் போடுவார்கள். மூக்கு சரியில்லை, கன்னம் சரியில்லை என்று பெண்கள் அழுதுகொண்டு வருவார்கள். முகம் பூராவும் கட்டோடு படுத்திருப்பார்கள். கடைசியில் திரை விலகும், வேறு ஆளாக வந்து நிற்பார்கள். பெற்றவர்களே வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள்.

நானும் தங்கை பொற்கொடியும் சேர்ந்துதான் பார்ப்போம். எங்களுக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். அப்பா, அம்மா இல்லை. ஓசூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். அவளையும் என் லைனிலேயே சேர்த்துவிட்டேன். தங்கமான பெண். கீழ்த்தாடை மட்டும் கொஞ்சம் முன்னால் துருத்தி இருக்கும். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பமும் காப்பியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு, டிவியில் ஒருத்திக்குத் தாடை எலும்பை அறுத்துப் பின்னால் தள்ளி வைத்ததைக் காட்டினார்கள். பொற்கொடி கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"எனக்கும் இப்படிப் பண்ணிவிடுவாங்களாண்ணே?"

அவள்தான் கேட்டாள், சார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பெங்களூரில் விசாரித்தேன். நமக்கு எட்டாத செலவு என்று தெரிந்தது. அப்போதுதான் எங்கள் ஆபரேட்டர் முனிவேல் ஞாபகத்துக்கு வந்தான். மெஷினில் கை வெந்துபோய், இ.எஸ்.ஐ. காப்பீடு மூலமாகப் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் ஒட்டிக்கொண்டு வந்தவன். ஒட்டியவர் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர். அழகுக்காக என்றால் இ.எஸ்.ஐ.யில் செய்ய மாட்டார்கள், வேலையில் அடிபட்டால் செய்வார்கள். இதில் குழப்பம் என்ன இருக்கிறது? டிவியில் அந்த டாக்டரும் முதலில் எலும்பைப் பிளக்கத்தான் செய்தார். முதல் வேலையை நான் முடித்துக் கொடுத்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இதற்கிடையில் பொற்கொடி மாறிப்போனாள். எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் மாதேஷ், சூளகிரிப் பையன், அவளிடம் பேச ஆரம்பித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் டிவி பக்கமே வருவதில்லை. நான் தனியாகப் பார்த்தேன். ஒருநாள் டிவியை மறைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, எனக்கு இந்த மூஞ்சியே போதும்ணே. மாதேஷு இதைப் பாத்துத்தான் கட்டிக்கிறேன்னு சொல்றாரு. நீ அவுங்க வீட்டுல வந்து பேசு."

அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் வீட்டாரும் காப்பியைக் குடித்துவிட்டுப் போனால் என்ன செய்வாள்? ஆசையை மனசுக்குள் அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. டிவியிலும் சில பெண்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

மெஷின் கதவைத் திறந்தால் உள்ளே பாகத்தை எடுக்கிற ரோபோ கை நின்றுவிட வேண்டும். அந்தப் புதன்கிழமை அது நிற்காதபடி செய்து வைத்தேன். உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது, எடு என்று அவளைக் கூப்பிட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்திருப்பாள். அண்ணன் சொன்னதால் சட்டென்று குனிந்தாள். நான் நினைத்ததைவிட அதிகமாகக் குனிந்துவிட்டாள். ரோபோ கை தாடையை உடைத்ததோடு நிற்கவில்லை, இடது கண்ணும் போனது அதனால்தான். கண்ணை நான் நினைக்கவே இல்லை.

பெங்களூர் டாக்டர் நல்ல மனிதர், எங்களுக்காகத் தமிழிலேயே பேசினார். அவளுடைய பழைய போட்டோ ஒன்று கேட்டார். தாடையை முன்பு இருந்தபடியே கொண்டுவந்துவிடலாம், கவலைப்பட வேண்டாம் என்றார். இருந்தபடியே கொண்டுவருவதற்கா இத்தனை பாடு? பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்த ஒரு நடிகையின் படத்தை எடுத்துக் கொடுத்து, தாடை இந்த மாதிரி வேண்டும் என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், அப்புறம் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அவராகத்தான் இருக்கும்.

நான்தான் செய்தேன், சார். இல்லை என்று எப்போது சொன்னேன்? தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் அவளால் பேச முடியாது. வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும், உள்ளே விட வேண்டாம் என்று நர்ஸிடம் கையை வீசிக் காட்டினாள். வலியில் காட்டியிருப்பாள். மாதேஷ் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தான். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு மட்டும் அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப்போங்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் தவித்தவன் நான்தானே.