இருபத்தொரு நாள் இழுப்பறையின் தலைவிக்கு

அளந்து பேசும் அறிவே! அவசரத்துக்கு அணையிட்ட அம்மையே! இயந்திர மூளையை இயற்பியல் கண்கொண்டு ஆராய்ந்த எங்கள் தலைவியே! பணிநிறைவு நாளில் பணிந்து வணங்குகிறோம்.

நீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று பார்க்கும் பொறுமையோடு, செயற்கை நுண்ணறிவு எந்தக் கட்டத்தில் திடீரென்று புதுத் திறன் பெறுகிறது என்று முப்பத்தோராண்டுகள் இந்த இரண்டாம் மாடியில் பார்த்தீர்கள். உலகம் உங்களைத் தேடி வந்தது. தொலைக்காட்சியில் பத்துக் கேள்விக்கு ஏழு முறை "தெரியாது" என்றீர்கள். பத்திரிகைகள் 'தெரியாதம்மா' என்று பட்டம் சூட்ட, புகழ் இன்னும் பெருகியது! லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவர்கூட, "மேடம், எங்க வேலையெல்லாம் போயிடுமா?" என்று கேட்டார். "தெரியலைப்பா. தெரிஞ்சா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்" என்றீர்கள். அவர் ஏனோ நிம்மதியாகத்தான் போனார்.

பண்பாளரே! எந்த ஆய்வு முடிவும் இருபத்தொரு நாள் உங்கள் இழுப்பறையில் பூட்டிக்கிடக்க வேண்டும். அதற்குள் ஆளாளுக்கு அதில் ஓட்டை தேட வேண்டும். இது நீங்கள் வகுத்த விதி. நாங்கள் முணுமுணுத்த விதி.

அவ்விதியை ஒருமுறை மீறினோம். நீங்கள் வெளியூர் சென்றிருந்த பத்தாம் நாளில், இயந்திரம் புதுத் திறன் பெற்றுவிட்டது என்ற முடிவை உங்கள் பெயரிலேயே பத்திரிகைகளுக்கு அனுப்பினோம். ஊரே கைதட்டியது. பத்தொன்பதாம் நாளில்தான், இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த தேர்வின் வினாக்கள் அது முன்பே படித்த பாடத்தில் கலந்திருந்ததையும், அதனால் முடிவே தவறென்பதையும் கண்டோம். அதே தொலைக்காட்சி அரங்கில் போய் அமர்ந்து, "தப்பு என்னுது" என்றீர்கள். யார் அனுப்பியது என்று இன்றுவரை எங்களைக் கேட்கவில்லை. இம்மடலை எழுதும் கைதான் அம்மா, அன்று அனுப்பியது.

சான்றோரே! வாழ்த்த வந்த இடத்தில் ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைகள் வாங்கவிருக்கும் நோயறி இயந்திரத்தைப் பற்றிய எங்கள் முடிவு இப்போது இழுப்பறையில் இருக்கிறது. இன்று பன்னிரண்டாம் நாள். வாசலில் நிருபர்கள் நிற்கிறார்கள். முடிவை இப்போதே வெளியிடச் சொல்லி மேலிடத்திலிருந்து மூன்று முறை தொலைபேசி வந்துவிட்டது. நீங்கள் "தெரியாது" என்றால் அது அடக்கம் என்றார்கள். நாங்கள் சொன்னால் திறமையின்மை என்பார்கள். உங்கள் புகழின் நிழலில் நின்றே பழகிய எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

உடல் நலமும் உள்ள நிறைவும் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்! காலை நடையும் கவலையற்ற உறக்கமும் கைகூடட்டும்!

காலையில் நீங்கள் மேசைமேல் வைத்துப்போன இழுப்பறைச் சாவி வைத்த இடத்திலேயே இருக்கிறது. இந்த விழா முடிந்ததும் நாங்கள் வாசலுக்குப் போகிறோம். பயம் போயிருக்காது. ஆனாலும் சொல்லிவிடுவோம்: "இன்னும் ஒன்பது நாள் ஆகும். இப்போதைக்கு எங்களுக்குத் தெரியாது."

என்றும் நன்றியுடன்,
இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தார்