நீலப் படகு எரிந்த பின் எங்கள் 'மாமியாருக்கு' எழுதிய மடல்

படகுத்துறையின் பாதுகாப்புக்கு முப்பத்தொரு ஆண்டுகள் கண்ணாகவும் காதாகவும் நின்ற மேற்பார்வையாளர் அவர்களே! கயிற்றுக்குக் கயிறு, கம்பிக்குக் கம்பி, கட்டிக் கிடக்கும் படகு ஒவ்வொன்றுக்கும் காவலாக வலம் வந்த கடமைச் செல்வியே! மிதவை மேடையில் ஆடும் பலகை எது, தாங்கும் பலகை எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் அம்மையீர்! வணக்கம், வணக்கம், பல்லாயிரம் வணக்கம்!

தங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்க இந்த வரிகளை நாங்கள் ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிவிட்டோம். தங்கள் புகைப்படத்தை ஒட்ட மூலையில் இடமும் விட்டிருந்தோம். அதற்கு மேல் அன்று எழுதிய எதையும் இன்று வாசிக்க எங்களுக்கு வாய் வரவில்லை. நீலப் படகு எரிந்து இரண்டு வாரங்களாகியும் பதற்றம் அடங்கவில்லை. இந்த விழா மேடையில் அமர்ந்திருக்கும் விசாரணை அலுவலர் அவர்கள் நாளை கையெழுத்திடவிருக்கும் அறிக்கையில், தீவிபத்துக்குக் காரணம் 'மேற்பார்வையாளரின் கவனக்குறைவு' என்று இருப்பதாகக் கேள்விப்பட்டோம். முப்பத்தொரு ஆண்டுப் பணிப் பதிவேட்டில் கடைசி வரியாக அந்த இரண்டு சொற்கள் ஏறப்போகின்றன. ஐயோ, அது பொய் அம்மா!

தாங்கள் சுற்றி வரும் அழகை அறியாதவர் இங்கே யார்? ஒவ்வொரு படகுக்கும் கரையிலிருந்து மின்சாரம் போகும் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பீர்கள். "இளஞ்சூடுதானே மேடம்" என்று எலெக்ட்ரீஷியன் இழுத்தால், "காய்ச்சல் வர்ற பிள்ளைக்கும் முதல்ல இளஞ்சூடுதான்பா. கழட்டு" என்பீர்கள். மசகெண்ணெய் துடைத்த துணி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தாலும் தங்கள் கண்ணுக்குத் தப்பாது. குறை கண்டுபிடிக்க என்றே ஒருவர் பிறப்பாரா என்று அலுத்துக்கொண்டு, தங்களுக்கு நாங்கள் 'மாமியார்' என்று பெயர் வைத்தோம். இதைத் தங்கள் முகத்துக்கு நேரே சொல்ல இன்றுதான் துணிவு வந்தது.

பெயர் வைத்ததோடு நின்றோமா? இல்லையே! தாங்கள் அலுவலகப் படியில் கால் வைத்ததும் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் வாக்கி-டாக்கியில் குரல் கொடுப்பார்: "மாமியார் படியிறங்கிட்டாங்கப்பா, வீட்டைச் சுத்தம் பண்ணுங்க!" உடனே ஒட்டுப்போட்ட வயர்களும், படகில் வைக்கவே கூடாத ஹீட்டர்களும் அரக்கப்பரக்கக் கழற்றப்பட்டுப் பெஞ்சுக்கு அடியில் போகும். தாங்கள் கையெழுத்திட்டு நகர்ந்ததும் எல்லாம் பழையபடி மாட்டப்படும். ஏழு ஆண்டுகளாக இதைச் செய்து, இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் நாங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாங்கள் நீலப் படகைச் சோதித்துக் கையெழுத்திட்டீர்கள். அப்போது அதில் எந்தக் குறையும் இல்லை. ஏனென்றால் குறை பெஞ்சுக்கு அடியில் இருந்தது. தாங்கள் போனதும் பெயின்டர், "வார்னிஷ் காயவே மாட்டேங்குது, ஹீட்டரைப் போட்டு விடுண்ணே" என்றார். எலெக்ட்ரீஷியன் தாமே டேப் சுற்றிய வயரை எடுத்து மாட்டினார். பெயின்டர் அடுத்த படகின் அறைக்குள் போய், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உப்புத்தாள் தேய்க்க உட்கார்ந்தார்.

பத்தரைக்குத் தாங்கள் மறுபடி இறங்கியிருக்க வேண்டும். இறங்க விடாமல் தடுத்தவர்களும் நாங்களே. மடலில் ஒட்டப் படம் வேண்டும் என்று ஸ்டோர்கீப்பர் தங்களை நாற்காலியில் உட்கார வைத்தார். "சுத்து வரணும்பா" என்றீர்கள். "அஞ்சே நிமிஷம் மேடம், கொஞ்சம் சிரிங்க" என்று அரைமணி நேரம் பிடித்து வைத்தார். அந்தப் படம் எங்களிடம் இருக்கிறது. தங்கள் தோளுக்குப் பின்னால், ஜன்னல் கண்ணாடியில், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மேலே போகிறது. அது புகை. அறையில் நான்கு பேர் இருந்தோம், ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு அந்தப் புகை தீயானது. ஒரு படகு அவ்வளவு வேகமாக எரியும் என்று எங்களுக்குத் தெரியாது. பயிற்சியில் தாங்கள் பலமுறை சொன்னதுதான். பின்வரிசையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தோம். படகின் கண்ணாடியிழை உடல் உருகிச் சொட்டியது, கரும்புகை மேடையை மூடியது, ஏழாவது நிமிடத்தில் தீ பக்கத்துப் படகுக்குத் தாவியது. வாட்ச்மேன் கத்தியோடு எரியும் படகின் கயிற்றை அறுக்க ஓடினார். "அதை விடாதே! அது மிதந்து போய் எல்லாத்தையும் கொளுத்திடும்! அக்கம்பக்கத்துப் படகுகளை அவிழ்!" என்று தாங்கள் போட்ட கூச்சல் இன்னும் காதில் நிற்கிறது. கரை மின்சாரத்தை நிறுத்தினீர்கள், எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணினீர்கள். "காலையில ஒம்பது பேர் இறங்கினீங்க. எட்டுப் பேர்தான் நிக்கிறீங்க. யாரு இல்ல?" என்றீர்கள். பதில் வரும்வரை தாங்கள் நிற்கவில்லை. பக்கத்துப் படகின் கதவுப் பிடி கொதித்தது; வெறுங்கையால் பிடித்துத் திறந்தீர்கள். பெயின்டரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தீர்கள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் விசாரணை. "இந்த ஹீட்டரும் வயரும் எப்படி வந்தன? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்கள். ஒன்பது பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தங்கள் வலது கையில் பெரிய கட்டு, இடது கையால் எழுதிக் கொடுத்தீர்கள்: "சோதித்தவள் நான். கவனிக்கத் தவறியவளும் நான்." அன்று எங்கள் வாயை அடைத்தது வேலை போய்விடும் என்ற பயம். வெட்கமாக இருக்கிறது.

மனசாட்சி உறுத்தி, வாட்ச்மேன் மருத்துவமனைக்கு வந்து தங்கள் முன் எல்லாவற்றையும் கொட்டினார். "உங்க சேனல் எனக்குத் தெரியாதாக்கும்? ஏழு வருஷமா என் மேசையில ஒரு வாக்கி-டாக்கி செட்டு ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றீர்களாம்.

"அப்புறம் ஏன் மேடம் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா வேற சேனலுக்குப் போயிருப்பீங்க. பேர் எழுதிக் கொடுத்தா வேலை போகும். புதுசா வர்றவனும் அதையேதான் செய்வான். நான் இறங்கினா கழட்டுறீங்க இல்ல? அந்தக் கால் மணி நேரமாவது வயர் ஆறும். அதான் ஒரு நாளைக்கு அஞ்சு தடவை இறங்கினேன்."

இதைக் கேட்டு நாங்கள் இடிந்துபோனோம். வேறு வேலை இல்லாமல் சுற்றுகிறார் என்று யாரை ஏசினோமோ, அவர் எங்கள் கேலியையே எங்களுக்குக் காவலாக்கி, வெயிலிலும் மழையிலும் முழங்கால் வலியோடும் நடந்திருக்கிறார்! தெரிந்தும் விட்டது தம் தப்பு என்று தாங்கள் சொல்லலாம். நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். அன்று எரிந்த தீயைப் பற்ற வைத்த கை எங்களுடையது.

ஆகவே, விசாரணை அலுவலர் அவர்களே, இந்த மடலின் நகல் ஒன்று தங்கள் மேசைமேல் இருக்கிறது. வேலை போனால் போகட்டும். அந்த இரண்டு சொற்களை அவர் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அம்மையீர்! புண் ஆறி, உள்ளங்கை நோவு தீர்ந்து, பிள்ளைகளும் பேரர்களும் சூழ, எந்தப் பிளக்கையும் தொட்டுப் பார்க்க வேண்டிய கவலையின்றி, நூறாண்டு நலமாக வாழ்க! எங்களை மன்னியுங்கள் என்று கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை. வாழ்த்த மட்டும் அனுமதியுங்கள்.

இங்ஙனம், தங்கள் பணியாளர்கள்:

வாட்ச்மேன், வாக்கி-டாக்கியில் குரல் கொடுத்தவன்.
எலெக்ட்ரீஷியன், டேப் சுற்றி மாட்டியவன்.
ஸ்டோர்கீப்பர், தங்களை நாற்காலியில் பிடித்து வைத்தவன்.
மேடைப் பணியாளர்கள் ஐவர், தெரிந்தும் செருப்பைப் பார்த்து நின்றவர்கள்.
பெயின்டர், ஹீட்டர் கேட்டவன். இதில் கையெழுத்திட உயிரோடு இருப்பவன்.