கூலரின் சிவப்பு வால்

உங்கள் அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது, டாக்டர். வெளியே பெஞ்சில் என் மகளும் மருமகனும் வியர்த்து வழிகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் ஒரு ஃபேன்கூட இல்லை. படித்தவர்கள் கட்டிய ஆஸ்பத்திரி, இப்படித்தான் இருக்கும்.

மருமகனுக்கு இந்த மறதி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அவரை இங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டும், துணைக்கு மகளும் தங்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். அதனால்தான் அவளை வெளியே அனுப்பச் சொன்னேன். கதவு சாத்தியிருக்கிறதல்லவா? சரி.

கூலர் மாற்றிய அன்று ஆரம்பித்தது.

மருமகன் வீட்டிலிருந்தே விளம்பரங்களுக்குப் பொம்மைப் படம் செய்கிறவர். கரடி பல் தேய்க்கும், சோப்பு நடனமாடும். வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அது ஒரு வேலை. அந்தப் படங்களை வரைந்து தள்ளுவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. நான் லாரி ஓட்டியவன். எஞ்சின் சூடானால் ஓரங்கட்டுவேன், ஆறினதும் தண்ணீர் ஊற்றுவேன், கிளம்புவேன். இவரோ திரையின் மூலையில் கார்டின் சூட்டைப் பார்த்தபடியே சோறு தின்பார். "எண்பத்தஞ்சு மாமா, எண்பத்தஞ்சு" என்பார். எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது என் நெற்றியை அவர் தொட்டுப் பார்த்ததில்லை.

ஒரு கம்பெனி பெரிய படம் ஒன்றைக் கொடுத்திருந்தது. சொன்ன தேதிக்குள் முடித்தால் வெளியூரில் நிரந்தர வேலை. முடிக்க வேண்டுமானால் கார்டை அதற்கு விதித்த வேகத்துக்கும் மேலே விரட்ட வேண்டும். விரட்டினால் சூடேறும். சூடேறினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த விரட்டலுக்கு ஓவர்கிளாக் என்று பெயராம். மாட்டின் வாலை முறுக்கி ஓட்டுகிறவன் அதற்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டா திரிகிறான்?

சூட்டை அடக்குவதற்குக் கார்டின் மேல் மாட்டுகிற புதுக் கூலர் வந்தது. மூன்று விசிறி, செம்புக் குழாய்கள், செங்கல் கனம்.

"மாமா, கொஞ்சம் டார்ச் பிடிங்க."

"பழைய ஃபேனுக்கு என்ன கேடு?"

"அது பத்தாது மாமா. இதைப் போட்டா எவ்வளவு விரட்டினாலும் அறுபத்தஞ்சைத் தாண்டாது."

"அடுப்புல தூக்கி வச்சாலுமா?"

"அடுப்புல வச்சா உங்க மகதான் சூடாவா."

சிரித்தார். நல்ல மனிதர்தான். அதை நான் மறுக்கவில்லை.

பழைய கூலரைக் கழற்றினார். கார்டின் சிப் மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்தார். புதுக் கூலரின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் தோல், ஓரத்தில் பிடித்து இழுக்கச் சிவப்பாக ஒரு வால். உரித்து என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

"இதை உரிக்க மறந்து மாட்டுறவன் இருக்கான் மாமா. அப்புறம் சூடு கூலருக்குள்ள ஏறவே ஏறாது. எங்க குரூப்புல அப்படி எவனாவது மாட்டினா, செத்தாலும் விடமாட்டாங்க. ஓட்டி எடுத்துடுவாங்க."

அந்நேரம் போன் வந்தது. கம்பெனிக்காரன். பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார். தோல் மேசைமேல் கிடந்தது.

முந்தின நாள் சமையலறையில் அவர்கள் பேசியது என் காதில் விழுந்திருந்தது. "அப்பாவை என்னங்க பண்றது?" என்றாள் மகள். "நல்ல இல்லம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். தோட்டமெல்லாம் இருக்கு" என்றார். "அப்ப சரி, மாசம் ஒரு தடவை வந்து பாத்துக்கலாம்" என்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதற்குக்கூட அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வெளியூர் என் மகளுக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

தோலை எடுத்து இருந்த இடத்திலேயே ஒட்டினேன். குமிழ் இல்லாமல் சட்டை நுனியால் நீவிவிட்டேன். வாலை மட்டும் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் வாய் கொள்ளாத சிரிப்போடு திரும்பி வந்தார். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. பசை வைத்தார், கூலரைப் பொருத்தினார், மூலைக்கு மூலை ஸ்க்ரூ முறுக்கினார். டார்ச்சை நான் ஆடாமல் பிடித்திருந்தேன்.

படம் ஓட ஆரம்பித்ததும் சூடு ஏறியது, திரை இருண்டது. மறுபடி போட்டார், மறுபடி இருண்டது. கார்டில் கோளாறு என்று கடைக்கு ஓடினார், மின்சாரம் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தருகிற பெட்டியை மாற்றினார். கூலரை மட்டும் கழற்றவில்லை. தோலை உரித்தது அவருக்கு நிச்சயம். தேதி தாண்டிப் போன பிறகுதான் கழற்றினார்.

அடியில் தோல் ஒட்டினபடியே இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மாமா, நான் உரிச்சேன்ல? உங்ககிட்ட காட்டினேனே?"

"காட்டின மாதிரி ஞாபகம் இல்லையே மாப்ள."

"வாலை மட்டும் பிய்ச்சிட்டேனா? இல்லையே, என் கையில இருந்துச்சே…"

"வேலை நெருக்கடி. யாருக்கும் வர்றதுதான்."

அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கம்பெனிக்காரன் பெரிய மனது பண்ணி இன்னொரு படம் தருகிறேன் என்றான். பிறகு நான் என்ன செய்வது? வண்டிச் சாவி அரிசி டப்பாவுக்குப் போனது. பூட்டின கதவு திறந்து கிடந்தது. காஸைத் திறந்து வைத்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான். "நீங்கதான கடைசியா அடுப்புகிட்ட நின்னீங்க?" என்று மகள் புருஷனைக் கேட்டபோது, அவர் என்னைத்தான் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

அப்புறம் உங்களிடம் வந்தார்கள். நீங்கள் அவர் மண்டையைப் படம் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இல்லாத வியாதிக்கு மாத்திரை எழுதினீர்கள். படிப்பு.

கார்டு இப்போது எப்போது பார்த்தாலும் முப்பத்தைந்தில் நிற்கிறது. கூலர் நல்ல கூலர்தான். விரட்டத்தான் ஆள் இல்லை.

இந்தாருங்கள், அந்தச் சிவப்பு வால். நம்ப மாட்டீர்கள் என்று எடுத்து வந்தேன். ஆகவே ஆஸ்பத்திரியில் சேர்க்கிற வேலை வேண்டாம். அவருக்கு ஒன்றுமில்லை. மகளும் இங்கே வந்து தங்கிவிட்டால் அங்கே எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் தருவது யார்? அவளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டாள்.

மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். அதைப் போட ஆரம்பித்த பிறகு வெளியூர்ப் பேச்சே இல்லை. உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருகிறார். விளக்கைப் போடுவதற்குக்கூட, "போடவா மாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறார். பெற்ற பிள்ளைகூட இவ்வளவு மரியாதையாக இருக்க மாட்டான், டாக்டர்.