திறந்திருந்த பீப்பாய்

நில்லுங்க சார், அங்கயே நில்லுங்க. சுத்திப் பாக்க வந்தீங்களா? சரி, பாருங்க. ஆஸ்தி டவுன்லேருந்து இந்த மேட்டுக்கு, நவம்பர் மழையில, முழங்கால் சேத்துல, சும்மா சுத்திப் பாக்க வந்திருக்கீங்க. நம்பிட்டேன்.

இதுவா? ஜாடி. பீப்பாய்ல ஒயின் தானா வத்தும் சார். மேல காத்து நின்னா கெட்டுரும். அப்பப்ப மூடியத் திறந்து ரொப்பணும். என்னத்த ஊத்துறேனா? சொல்றேன், என்ன அவசரம்? இந்தாங்க, ஒரு கிளாஸ் குடிங்க. எங்க ஊரு திராட்சை, பர்பேரா ஒயின். இதே பீப்பாய்லேருந்து காலையில எடுத்து வச்சது.

அடடா, துப்பிட்டீங்களே! சுத்திப் பாக்க வர்றவங்க முழுங்குவாங்க சார். இன்னொரு கிளாஸும் கேப்பாங்க. துப்புறது, விலை பேச வர்றவங்க.

ஒலிந்தோவத் தெரியாதா? என் தம்பி. துரின்ல பல் டாக்டர். அறுவடைக்கு ஒரு நாள் வருவான், கத்திரிக்கோலப் பிடிச்சு போட்டோ எடுத்துக்குவான், போயிருவான். தோட்டம், நிலவறை எல்லாம் அவன் பேர்ல. எனக்கா? எனக்கு வேலை. இப்ப மொத்தத்தையும் ஏதோ பெரிய கம்பெனிக்குத் தள்ளி விடறானாம். ரொட்டிக் கடைக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும். கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை கெடையாது. வயிறு எரியுது சார்.

நெசமாவே தெரியாதா? அப்ப எங்க நாய் ஏன் உங்களப் பாத்துக் குரைக்கல? தபால்காரரயே இன்னும் கடிக்கப் பாயுது, உங்களுக்கு வாலாட்டுது. நான் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போன நேரத்துல அவனோட வந்தீங்களா?

ம்... இப்பதான் உண்மையச் சொல்றீங்க. நாளைக்குக் கையெழுத்தா? இந்தப் பீப்பாய்க்காகத்தான் கம்பெனி ஒத்துக்கிச்சா? அப்படியா. சந்தோஷம். பழம் மிதிச்சதுலேருந்து எல்லாம் நான் செஞ்சது. ஒலிந்தோ சொல்லியிருக்க மாட்டான்.

எங்க வீட்டுல வினிகர் பானைய மேல பரண்லதான் வப்போம். அதத் தொட்ட கையோட இந்த நிலவறைப் படி எறங்குனா அப்பா தொலைச்சிருவாரு. அது கொஞ்சம் கலந்தாக் கூட ஒயின் புளிச்சுப் போயிரும்னு அவருக்குப் பயம். நான் ஒரு நாளும் அவர் பேச்ச மீறுனதில்ல. இன்னிக்குக் காலை வரைக்கும்.

ஜாடியில என்னன்னு கேட்டீங்கல்ல? மோந்து பாருங்க. பாதி ஊத்தும்போதுதான் நீங்க கதவத் தட்டுனீங்க.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். மீதியையும் ஊத்திடறேன்.